விழுந்த பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது

எங்கள் வீட்டு வாஷ்பேசினுக்கு மேல், பிரஷ்களுக்கும் சோப்புக்கும் பக்கத்தில், ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. படுக்கப் போகுமுன் நான் அதில் பாதி அளவு தண்ணீர் பிடித்து, என் மேல்வரிசை முன்பல்லைக் கழற்றி உள்ளே போட்டுவிடுவேன். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் ரோஸ் நிறத் தகடு, அதன் விளிம்பில் ஒரே ஒரு பல். மூன்று வயது மகள் எக்கி நின்று பார்த்துவிட்டு, "அம்மா பல்லு குளிக்குது" என்பாள். காலையில் அதை எடுத்து மாட்டும்வரை நான் வீட்டில் அதிகம் பேச மாட்டேன். பேசினால் 'த' வர வேண்டிய இடத்தில் காற்றுதான் வரும். எலும்பில் திருகி வைக்கிற நிலையான பல் இப்போதெல்லாம் வந்துவிட்டதே, வைத்துக்கொள்ளேன் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்குப் பிடிவாதம். தினமும் காலையில் அந்த டம்ளரைப் பார்க்கும்போது ஒரு மனுஷியின் முகம் எனக்கு ஞாபகம் வர வேண்டும். வருகிறது.

அவர் போன மழைக்காலத்தில் காலமானார். ராயபுரத்தில் அவருடைய பல் கிளினிக் இருந்த தெருமுனையில் ஆள் உயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். நான் வேலைக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். குழந்தைகளின் புன்னகையைக் காத்த தாயே என்று எழுதி, கீழே அவருடைய வெள்ளைக் கோட்டுப் படம். படத்தில் வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மழையில் பேனரின் ஒரு மூலை கிழிந்து தொங்கும்வரை தினமும் அதைப் பார்த்தேன், தினமும் எனக்கு வயிறு எரிந்தது. போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். நல்லதைப் பேசத்தான் பேனர் வைத்தவர்கள் இருக்கிறார்களே. அவர்கள் விட்டுவிட்டதை நான் சொல்கிறேன்.

எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் அவரை 'நீங்க' என்போம். அவர் எங்களை, என் அம்மாவை, என் அம்மாவைவிட வயதான பெண்களைக்கூட, 'நீ' என்பார். இந்தக் கட்டுரையிலும் நான் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். மரியாதையால் அல்ல. என் அம்மா யாரிடமாவது கொடுத்து இதை வாசிக்கச் சொல்வாள். வேறு மாதிரி எழுதினால் அவள் முகம் வாடிப்போகும்.

அப்போது நாங்கள் கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அப்பா கூட்ஸ் யார்டில் லோடு இறக்குகிறவர். அம்மா ஒரு மசாலா கம்பெனியில் மிளகாய்த்தூள் பாக்கெட் போட்டாள். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று இருக்கும். ஒரு சாயங்காலம் அம்மா வேலை முடிந்து தெருவில் திரும்புவதைப் பார்த்துவிட்டு அவன் ஓடினான். வாசற்படிக் கல்லில் கால் தடுக்கி, வாய் நேராகக் கல்லில் போய் இடித்தது. அம்மா அவனைத் தூக்கியபோது வாயெல்லாம் ரத்தம். கல்லுக்குக் கீழே மண்ணில் அவனுடைய முன்பல் முழுசாகக் கிடந்தது. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. அம்மா அழவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், பல்லைக் கழுவினாள், அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, அது இருந்த குழியிலேயே வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள். கழன்ற பட்டனைத் தைப்பதற்கு யாரிடமும் யோசனை கேட்க மாட்டோம் அல்லவா, அந்த மாதிரிதான் செய்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரலை விட்டு மிளகாய் போகாது. தம்பி போட்ட கூச்சலில் கேட்டில் நின்றவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அப்புறம்தான் ஆட்டோ பிடித்து ராயபுரம் போனோம்.

டாக்டரம்மாவின் கிளினிக்கில் வெளியே ஒரு ஹால், உள்ளே ஒரு அறை. அறைக் கதவை அவர் எப்போதும் மூடுவதில்லை. உள்ளே ஒருத்திக்கு விழும் திட்டு ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் பாடமாகட்டும் என்பது அவருடைய எண்ணம். திட்டு முடிந்ததும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. குழந்தையின் தாயை ஹாலுக்குக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தி, தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். "திருப்பிச் சொல்லு." வடசென்னையில் அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தவர்களைக் கேட்டால் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், டாக்டரம்மாவிடம் போனால் பாடம் ஒப்பித்தால்தான் வெளியே விடுவார் என்று. சிரிக்கிறவர்களுக்கு எல்லாம் முன்பல் இருக்கிறது.

அன்று தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து வாயைப் பார்த்தார். குழந்தையிடம் அவருக்குக் கை மென்மைதான், அதை மறைக்கவில்லை. அம்மா அமுக்கி வைத்த பல்லை எடுத்துவிட்டு, பஞ்சு வைத்து, அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"யாரு இதைத் திருப்பி உள்ளே வெச்சது?"

"நாந்தாம்மா. வுழுந்துட்ச்சி. அப்டியே வெச்சி அமுக்கினேன்."

"நீ டாக்டரா?"

"இல்லம்மா."

"பின்னே? கையை மோந்து பாரு. இந்த மிளகாய்க் கையை எடுத்துக் குழந்தை வாய்க்குள்ளே விட்டிருக்கே. உனக்கெல்லாம் எதுக்குக் குழந்தை?"

ஹாலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாவின் முதுகில் கைவைத்து அவர் ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் தம்பியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் நின்றிருந்தேன். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லு. விழுந்த பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது."

"வுழுந்த பல்ல திருப்பி வெக்கக் கூடாது."

"வுழுந்த இல்லே. விழுந்த. முதல்லேருந்து."

"வி... வுழுந்த..."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவருக்கு இது வேடிக்கையே இல்லை, கடமை. "முதல்லேருந்து" என்றார் மறுபடியும். அம்மா உதட்டைக் குவிக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "விழுந்த பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். நெற்றியில் வியர்த்திருந்தது. "ம், இதை உங்க தெருவிலே எல்லார்கிட்டயும் சொல்லு" என்று உத்தரவு போட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். அவர் சொன்னது மருத்துவப்படி சரி. குழந்தையின் பால் பல் வேரோடு விழுந்துவிட்டால் அதைத் திருப்பி வைக்கக் கூடாது. அதற்கு மேலே ஈறுக்குள் அடுத்த பல் உருவாகிக்கொண்டிருக்கும். அமுக்கினால் அதற்குச் சேதம் வரலாம். என் தம்பியின் பல்லை அவர் எடுத்ததால்தானோ என்னவோ, பின்னால் முளைத்த பல் ஒரு கறை இல்லாமல் நேராக வந்தது. ஆனால் இதில் ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. பால் பல் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் தெரியாதவரும் இல்லை. பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும் என்று சொன்ன வேறொரு தாயை, "பால் பல்லுன்னா குப்பையா?" என்று அதே ஹாலில் அவர் கிழித்ததை நானே கேட்டிருக்கிறேன். என் அம்மாவின் பேச்சில் 'வு'வைத் திருத்த அவருக்கு நேரம் இருந்தது. 'பால்' என்ற இரண்டு எழுத்தைச் சேர்க்க நேரம் இல்லை. திட்டுகிற வேகத்தில் காரணம் சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்கெல்லாம் காரணம் எதற்கு, கட்டளை போதும் என்பதுதான் அவர் எண்ணம்.

அம்மாவுக்கு அவமானமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை. ஒரு டாக்டர் தன்னை நிறுத்திவைத்து ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார் என்ற பெருமையோடுதான் அவள் வீட்டுக்கு வந்தாள். ஆட்டோவிலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் கம்பெனியில் சொன்னாள், அடிபம்பில் சொன்னாள், மளிகைக் கடையில் சொன்னாள். "எவ்ளோ பெரிய டாக்டரு, என்னாண்ட நின்னு சொல்லிக் குட்த்தாங்க. வுழுந்த பல்ல திருப்பி வெக்கவே கூடாதாம்." தெருவில் யார் குழந்தைக்கு வாயில் அடிபட்டாலும் அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் போய் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வருவாள். அவ்வளவு ஒழுங்காக டாக்டர் சொல்லைக் கேட்ட பெண்மணி அந்தப் பேட்டையிலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது என் முறை வந்தது. முன்பற்கள் இரண்டும் விழுந்து, புதிதாக முளைத்து, நன்றாக வளர்ந்துவிட்டிருந்தன. முகத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று அப்பா கிண்டல் செய்வார். குழாயில் தண்ணீர் வராத நாள் அது. அடிபம்பில் வரிசை. பக்கத்து வீட்டு அக்கா முழு பலத்தோடு அடித்துக்கொண்டிருந்தாள். நான் குடத்தை நகர்த்தக் குனிந்தேன். அவள் கை வழுக்கியது. பம்பின் இரும்புப் பிடி துள்ளி எழுந்து என் வாயில் அடித்தது. வலி உடனே தெரியவில்லை; வாயில் இரும்பு ருசி மட்டும் இருந்தது. கீழே பார்த்தால் சிமென்ட் தளத்து ஈரத்தில் என் பல் வேரோடு, முழுசாக, பளிச்சென்று கிடந்தது. இவ்வளவு நீளமா ஒரு பல் என்று ஆச்சரியப்பட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அம்மா ஓடி வந்து என் வாயில் முந்தானையை வைத்து அழுத்தினாள். பல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். எதிரே மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கையில் ஒரு பால் பாக்கெட்.

"யம்மா, பல்லக் கீழ போட்டுராதிய. இந்தா, இந்தப் பால்ல போட்டு டாக்டர்ட்ட கொண்டு போங்க. திருப்பி வச்சிருவாவ. எங்க மச்சினனுக்கு அப்படித்தான் வச்சாவ, இன்னைக்கும் கல்லு கணக்கா நிக்கி."

அம்மா அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவே மறக்காது. விவரம் தெரியாத ஒருவரை விவரம் தெரிந்தவர் பார்க்கும் பார்வை. "இன்னா அண்ணாச்சி நீங்க. வுழுந்த பல்ல திருப்பி வெக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா எங்கைல எத்தினி தபா சொல்ல வெச்சாங்கோ தெரிமா? பேஜாராப் பூடும்" என்றாள். மச்சினன் கதையோடு ஒரு டாக்டரை எதிர்க்க அண்ணாச்சியால் முடியவில்லை. வேறு யார்தான் எதிர்ப்பார்கள்? பாக்கெட்டோடு திரும்பிப் போய்விட்டார். அம்மா வீட்டுக்கு வந்து, எங்கள் தெருவில் விழுந்த பல்லை எல்லோரும் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். கூரை மேல் எறிந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது, கொஞ்சம் உருண்டது, நின்றது. பிறகு ரத்தம் நிற்காததால் என்னைக் கூட்டிக்கொண்டு ராயபுரம் கிளம்பினாள். சொன்னபடி நடந்துகொண்டோம் என்ற தைரியம் அவள் நடையிலேயே தெரிந்தது.

டாக்டரம்மா என் வாயைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "பல்லு எங்கே?" என்றார்.

"கூரை மேல போட்டுட்டேம்மா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். பாராட்டை எதிர்பார்க்கிற சிரிப்பு.

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததை முழுக்க எழுத எனக்குப் பிடிக்கவில்லை. பல்லை உடனே பாலில் போட்டுக் கொண்டுவந்திருந்தால் திருப்பி வைத்திருப்பேன், ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு பெண் குழந்தையின் முகத்தைக் கெடுத்துவிட்டாய் என்று கத்தினார். முட்டாள் என்றார். உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, தப்பே இல்லாமல், 'வு' வராமல், தான் கற்ற பாடத்தைச் சொன்னாள்.

"விழுந்த பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது. நீங்கதாம்மா சொன்னீங்கோ."

டாக்டரம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் கண்ணில் அதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அவர் வாய் பேசாமல் இருந்தது. ஒரு மன்னிப்புக்கு அந்த நேரம் போதும். "நான் சரியாகச் சொல்லவில்லையம்மா" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அவர் சொன்னது இது:

"அது பால் பல்லும்மா! இது பெரிய பல்லு! ரெண்டுக்கும் வித்தியாசம்கூடத் தெரியாதா உனக்கு?"

"தெர்லம்மா" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுக்கோ. பெரிய பல்லுன்னா பாலிலே போட்டு உடனே எடுத்துக்கிட்டு வரணும். திருப்பிச் சொல்லு."

அம்மா திருப்பிச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். வார்த்தை உடைந்துபோனதால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் படுத்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். திறக்க முடிந்திருந்தால் அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அவருக்குக் கொடுத்திருப்பேன். கொருக்குப்பேட்டைப் பிள்ளைக்குக் கொஞ்சம் நிறையவே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவைக் கூரை மேல் ஏறச் சொன்னாள். இனிமேல் கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் ஏறச் சொன்னாள். வெளிச்சம் மங்குவதற்குள் அப்பா ஷீட் முழுக்கத் தவழ்ந்து தேடினார். யார்டிலிருந்து பறந்து வந்த சிமென்ட் தூசியும், காக்கா கொண்டுவந்து போட்ட மீன் முள்ளும்தான் இருந்தன. பல் இல்லை. இறங்கும்போது அவர் முழங்கால் பட்டு ஒரு ஷீட் விரிசல் விட்டது. அந்த வீட்டைக் காலி செய்யும்வரை ஒவ்வொரு மழைக்கும் அந்த இடத்தில் ஒழுகியது. அம்மா அங்கே ஒரு குண்டான் வைப்பாள். வைக்கும்போதெல்லாம் என் வாயைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓட்டைப்பல் என்று பேர் வந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் பழக்கம் வந்தது, அது பல் கட்டிய பிறகும் போகவில்லை. கல்யாண போட்டோக்களில்கூட என் கை பாதி வழி வந்து நிற்கிறது. அதெல்லாம் என்னோடு போகட்டும். என் கோபம் அதற்காக இல்லை. இந்த விஷயத்தில் யார் மேல் தப்பு என்று என் அம்மாவைக் கேட்டால், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தன் மேல்தான் என்பாள். "அவங்க எவ்ளோ படிச்சவங்கோ. ஒழுங்காத்தான் சொல்லி இருப்பாங்கோ. என் காதுதான் சரி இல்ல." ஒவ்வொரு பொங்கலுக்கும் ராயபுரத்துக்குப் போய் டாக்டரம்மாவுக்கு ஒரு ஜோடிக் கரும்பு கொடுத்துவிட்டு வருவாள். அவரும் வாங்கி வைத்துக்கொள்வார். "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்பாராம். அதைப் பெரிய அன்பாக வீட்டில் வந்து சொல்வாள். அவருடைய சாவுக்கும் போனாள், மாலையோடு. என்னையும் கூப்பிட்டாள். எனக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்து மனுஷர்கள் அப்படித்தான், கண்டிப்பில்தான் அக்கறை இருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. கண்டிப்புக்கும் கத்தலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அவர்கள். கத்துகிறவர் சொல்வது காதில் முழுசாக விழாது. பயத்தில் எது பெரிதாகக் கேட்டதோ அதுதான் தங்கும். ஆனால் அன்று என் அம்மாவுக்கு எல்லாமே சரியாகத்தான் கேட்டது. சொல்லாததைக் கேட்க எந்தக் காதாலும் முடியாது.

இனி போன மாதம் நடந்தது. இப்போது நாங்கள் திருவொற்றியூரில் இருக்கிறோம், அம்மாவும் எங்களோடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே தடாலென்று ஒரு சத்தம், உடனே மகளின் அலறல். ஈரத்தலையோடு வந்து பார்த்தால் இரும்புக் கட்டிலின் காலடியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை. கட்டில் மேல் குதித்து விளையாடியவள் விளிம்பில் வாய் இடிக்க விழுந்திருக்கிறாள். அம்மா சுத்தமான துணியை நனைத்து ஈறில் வைத்துப் பிடித்திருந்தாள். ரத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று இல்லை. நான் கேட்பதற்குள் அம்மா பக்கத்தில் தரையில் இருந்த டம்ளரைக் காட்டினாள். காபிக்குக் காய்ச்ச எடுத்துவைத்த பாலில் கொஞ்சம் ஊற்றி, பல்லை அதில் போட்டிருந்தாள். வாய்க்குள்ளும் வைக்கவில்லை, வெளியேயும் எறியவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலடி. அப்டியே வெச்சிக்கீறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "திருப்பி வெக்கக் கூடாது. பால்ல போட்டு எடுத்துகினு வரணும். ரெண்டும் சொல்லிக்கீறாங்க. இன்னிக்கி எதுடி?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாக இரண்டையும் தனக்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று அழுகைக்கு நடுவே கேட்டதில், எந்தப் பல்லுக்கு எது என்பது மட்டும் அவளுக்குத் தங்கவில்லை.

அப்படியே கிளம்பினோம். என் பல்லை மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை; துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்துத் தெருவில் புதிதாக வந்திருக்கும் பல் டாக்டர் சின்னப் பெண். ஞாயிறு என்றாலும் வந்து கதவைத் திறந்தாள், எங்களை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். பல் முழுசாக வந்திருக்கிறதா, துண்டு எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். பால் பல்லைத் திருப்பி வைக்க மாட்டோம், ஏன் என்றால் மேலே வளர்ந்துகொண்டிருக்கும் பல்லுக்கு அடிபடும் என்று ஒரு தாளில் படம் வரைந்து அம்மாவிடம் காட்டினாள். சில நாளைக்கு மெத்தென்ற சாப்பாடு, மிருதுவான பிரஷ், ஈறு வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ உடனே கூட்டிவர வேண்டும். "பாலில் போட்டு வெச்சீங்களே பாட்டி, நல்லதுதான். எந்தப் பல்லுன்னு சந்தேகம் இருந்தா அப்படித்தான் எடுத்துட்டு வரணும்" என்றாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து இன்னும் எதற்காகவோ காத்திருப்பது போல நாற்காலி அருகிலேயே நின்றாள். வாம்மா போகலாம் என்று நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். எதற்குக் காத்திருந்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தோம். குழந்தை தூங்கிவிட்டாள். வாஷ்பேசின் மேல் என் டம்ளர், தண்ணீரில் என் பல். அதற்குப் பக்கத்தில் அம்மா பால் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் அடியில் அந்தச் சின்னப் பல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ டாக்டரம்மா மொதல்ல சொன்னது கரெக்ட்டுதானே?" என்றாள்.

பதில் சொல்ல எனக்குக் கசந்தது. "கரெக்ட்தாம்மா. பால் பல்லுக்கு அது. பெரிய பல்லுக்கு மத்தது. அவங்க அந்த ஒரு வார்த்தைய உன்கிட்ட சொல்லல, அவ்ளோதான். உன் காது நல்லாத்தான் இருந்துச்சு" என்று காற்றும் சொல்லுமாக மெதுவாகச் சொன்னேன். இத்தனை வருஷமாக அவளிடம் சொல்ல நினைத்தது அது. அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நேராக நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். நான் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. உதட்டை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, "விழுந்த பால் பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது. பெரிய பல்லுன்னா..." என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"நிறுத்தும்மா" என்றேன். பல் இல்லாத வாயில் அது சொல்லாகவே வரவில்லை, வெறும் காற்றாகத்தான் வந்தது.

தான் எங்கேயோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.